பரணில் கிடந்த வயலின் பெட்டி

பழைய சாமான் வாங்கும் பங்கார்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். பழைய குக்கர், றெக்கை உடைந்த மின்விசிறி, ஒரு கட்டு செய்தித்தாள், கூடவே என் மச்சானின் வயலின் பெட்டி. மற்றதையெல்லாம் எடை போட்டவர், பெட்டியை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு அண்ணாச்சி, வெறும் லக்டி, மரம்" என்று ஓரமாகத் தள்ளினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்காரி முகத்தை நான் பார்க்கவில்லை.

மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ட்ரிம்மிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1915-இல் தொடங்கிய பட்டறை அது. பழுது பார்க்க வரும் ரயில் பெட்டிகளின் இருக்கை, படுக்கைகளைப் பிரித்து, ஸ்பாஞ்சு மாற்றி, ரெக்சின் போட்டு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. ரயில் பெட்டிக்கே சட்டை தைத்த கைக்கு வயலின் பெட்டியைச் சரி செய்வது எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தது இரண்டரை மாதம் இழுத்தது. பாதி நேரம், செய்ததைப் பிரித்துத் திரும்பச் செய்ததில் போனது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடந்தால், அந்தப் பாதி நேரமாவது மிச்சமாகட்டும்.

பெட்டி நீள்சதுரம். 31 அங்குல நீளம், 10 அங்குல அகலம். வெளியே கறுப்பு ரெக்சின், உள்ளே மெரூன் வெல்வெட், இரண்டு கொண்டி, நடுவில் சாவி இல்லாத ஒரு பூட்டு. மச்சான் தாராவியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தவர். கணபதி பந்தல், பொங்கல் விழா, கல்யாண வரவேற்பு என்று இந்தப் பெட்டி போகாத சந்து இல்லை. அவர் ஊருக்குப் போனபோது வயலினை யாருக்கோ கொடுத்துவிட்டு, பெட்டியை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். அதன்மேல் இருந்த பெயின்ட் முழுக்க என் கைவண்ணம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் டின்னை வைத்துக்கொள்ள வாகான உயரத்தில் இருந்தது இதுதான். இப்போது செம்பூரில் பேத்தி வயலின் கற்றுக்கொள்கிறாள். பதின்மூன்று வயசு, முழு அளவு வயலினுக்கு வந்துவிட்டாள். அவளுடைய துணிப் பையில் லோக்கல் ரயில் நெரிசலைத் தாங்கும் சக்தி இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். பெயின்ட் கறை பெட்டியைக் கெடுப்பதில்லை, பார்வையை மட்டும்தான் கெடுக்கிறது. கொண்டி திறந்துகொள்வதும், மூடி குதிரையை (வயலினில் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) அழுத்துவதும், கைப்பிடி பிய்ந்து விழுவதும்தான் வயலினைக் கொல்லும். ஆனால் பெட்டியை எடுத்ததும் எல்லோர் கையும் கறைக்குத்தான் போகிறது. என் கையும் அங்கேதான் போயிற்று. நாலு நாள் சுரண்டிப் பளபளப்பாக்கிய பிறகு ரிவெட் அடிக்கத் திருப்பிப் போட்டேன். புதுசாகக் கீறல் விழுந்தது. அதனால் உள்துணியைப் பிரிப்பது முதல், அடுத்து மரம், பிறகு இரும்புச் சாமான், அதற்கும் பிறகு வெளித்தோல், திரும்ப உள்துணி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அதைவிட முக்கியம், பெட்டியின் ஓடு, அதாவது வெளிக்கூடு, எதனால் ஆனது என்று பார்ப்பது. விரல் முட்டியால் தட்டுங்கள். பிளைவுட் என்றால் 'டொக் டொக்' என்று கதவு போலப் பேசும். தெர்மோகோல் வார்ப்பு என்றால் 'பொத்' என்று சத்தம் உள்ளேயே செத்துவிடும், தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். ஃபைபர் கிளாஸ் என்றால் மெல்லிய தட்டு போல 'டக்' என்று தெறிக்கும். சந்தேகம் என்றால் உள்துணியின் ஒரு ஓரத்தை வெண்ணெய்க் கத்தியால் கிளப்பிப் பாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கீழ் வீட்டுப் பையனின் கிட்டார் பெட்டியை ஒருமுறை நான்தான் சரி செய்தேன். ஓரம் விட்டுப்போன துணியை ஒட்ட, பழக்க தோஷத்தில் ரப்பர் சொல்யூஷன் தடவினேன். பத்து நிமிஷத்தில் உள்ளே இருந்த தெர்மோகோல், ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி அமுங்கிப்போனது. ரப்பர் சொல்யூஷன், தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் எல்லாமே தெர்மோகோலைக் கரைத்துவிடும். அந்த வகைப் பெட்டிக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளை ஃபெவிகால் மட்டும்தான். பையனுக்கு நான் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், அது வேறு கதை.

மச்சானின் பெட்டி பிளைவுட். இனி சொல்வது பெரும்பாலும் பிளைவுட் பெட்டிக்குத்தான்.

காலத்தையும் பாருங்கள். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வேலையைத் தொடாதீர்கள். ஜூலையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். மரம் ஊறியிருக்கும், ஃபெவிகால் காயாது, ரப்பர் சொல்யூஷன் மேல் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. தீபாவளி முடிந்து ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

உள்ளே திறந்ததும் வந்த வாசனையைப் பேத்தி ஒரே வார்த்தையில் சொன்னாள்: "தாத்தா, எலி." எலி இல்லை, பூஞ்சை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். உங்கள் பெட்டியின் வெல்வெட் நல்ல நிலையில் இருந்தால் பிரிக்க வேண்டாம்: வேக்கும் கிளீனர் போடுங்கள், சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி மூடி வைத்து மறுநாள் உறிஞ்சி எடுங்கள், பிறகு நாலைந்து நாள் வெயிலில் திறந்து வையுங்கள். பெட்டிக்குத்தான் வெயில், வயலினுக்கு இல்லை. வெயிலில் இன்னொரு லாபமும் உண்டு. வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. வருஷக்கணக்கில் மூடியே கிடக்கும் இருட்டுப் பெட்டியில் அந்த முடியைத் தின்ன ஒரு வண்டின் புழு குடியேறும். வில்லை எடுத்தால் முடி நாலைந்தாக அறுந்து தொங்கினால் அதன் வேலையாக இருக்கலாம். வெளிச்சம் அதற்கு ஆகாது. மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சி எடுத்து, வெயில் காட்டினால் ஓடிப்போகும். நாப்தலீன் உருண்டை போடலாமே என்பார்கள். போடாதீர்கள். அந்த ஆவியில் சில வகைப் பிளாஸ்டிக் இளகிப்போகும், வயலின் வார்னிஷ் பக்கத்திலும் அது வேண்டாம்.

எங்கள் பெட்டியின் வெல்வெட்டை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தேன், துணி குங்குமம் ஆனது. அந்தச் சாயம் வயலின் முதுகில் ஏறினால் போகாது. முழுக்கக் கிழித்து எறிந்தேன். எறியும் முன், ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் விரித்து ஓரம் வரைந்து வைத்துக்கொண்டேன், எது மேல், எது கீழ் என்று அம்புக்குறியும் போட்டு. இந்தச் செய்தித்தாள்தான் கடைசியில் உங்களைக் காப்பாற்றும், பங்கார்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

துணிக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சு விரல் பட்டதும் பிசுபிசுத்து மாவாக உதிர்ந்தது. இருக்கை ஸ்பாஞ்சுகளில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதையும் சுரண்டி எடுத்தேன்.

இப்போது வெறும் மரம் தெரியும். எங்கே பிரிந்திருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அடிப்பக்க மூலையில்தான் இருக்கும், ஏனென்றால் பெட்டியை எல்லோரும் அந்த மூலையில்தான் தரையில் இறக்குவார்கள். பிளைவுட்டின் அடுக்குகள் புத்தகப் பக்கம் போல விரிந்திருந்தால், நீர் கலந்த ஃபெவிகாலை மருந்துக் கடை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து உள்ளே செலுத்துங்கள். இனி அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வளைந்த மூலையில் தச்சர்களின் இரும்புக் கிளாம்ப் வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குல அகலத்தில் நீளமாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன்மேல் ஏறும்போது அழுத்தம் கூடிக்கொண்டே போகும். பத்துச் சுற்றுக்கு மேல் போனால் கையால் அசைக்க முடியாது. வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். டியூபுக்குக் கடையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பஞ்சர் ஒட்டுபவர் சும்மாவே தருவார்.

சிதைந்து போன மூலைக்கு மரத்தூளும் ஃபெவிகாலும் பிசைந்த பட்டி போதும். சப்பாத்தி மாவு பதம். கொஞ்சம் உப்பலாக வைத்து, இரண்டு நாள் கழித்து 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மட்டப்படுத்துங்கள்.

ஓடு சரியான பிறகுதான் கொண்டிக்கு வர வேண்டும். கொண்டி சரியாக மாட்டவில்லை என்றால் கொண்டியைத்தான் குற்றம் சொல்வோம். பாதி நேரம் மூடி கோணியிருப்பதுதான் காரணம். மூடியை மூடி நாலு பக்கமும் ஒரு பழைய விசிட்டிங் கார்டை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையவில்லை என்றால் கீல் தளர்ந்திருக்கிறது.

பழைய கொண்டியைக் கழற்ற ரிவெட் தலையில் பஞ்ச்சால் ஒரு குழி போட்டு, 3 மில்லிமீட்டர் டிரில்லை மெதுவாக இறக்குங்கள். தலை கழன்று விழும், உடல் உள்பக்கம் வரும். குழி போடாமல் டிரில்லை வைத்தால் வழுக்கி ரெக்சினில் கோலம் போட்டுவிடும். எனக்குப் போட்டது. கழற்றிய சாமான் பித்தளையா, நிக்கல் பூசிய இரும்பா என்று காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத பித்தளைக்குப் புளி போதும், குத்துவிளக்கு தேய்ப்பது போல. காந்தம் ஒட்டினால் புளியைத் தொடாதீர்கள், பூச்சு போய் அடியில் இருக்கும் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். அதற்கு மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, அலுமினியத் தாளைக் கசக்கி அதனால் தேய்த்தால் துரு வந்துவிடும், பூச்சு நிற்கும்.

எங்கள் கொண்டிகளில் ஒன்றின் ஸ்பிரிங் செத்திருந்தது. அதே மாதிரி பழசு தேடி சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் அரை நாள் அலைந்தேன். கிராமபோன், கப்பல் விளக்கு, நிஜாம் காலத்து நாற்காலி எல்லாம் கிடைத்தது, கொண்டி கிடைக்கவில்லை. கடைசியில் நாக்தேவி ஸ்ட்ரீட்டில் இரும்புச் சாமான் கடையில் புது ஜோடி வாங்கினேன். பழைய ஓட்டை, புதுக் கொண்டியின் ஓட்டையோடு சேராது. அதனால் பழைய ஓட்டையை மரக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைத்துவிட்டுப் புதுசாகத் துளையுங்கள். ரிவெட் அடிக்கும்போது உள்பக்கம் ஒரு வாஷர் போட மறக்காதீர்கள். வாஷர் இல்லாத ரிவெட் மெல்லிய பிளைவுட்டை நசுக்கிக்கொண்டு உள்ளே போய், ஆறே மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். கைப்பிடிக்கும் அதே விதிதான். அங்கே ரிவெட்டைவிட நட்டும் போல்ட்டும் நல்லது. உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் முனைகள்மேல் தோல் துண்டு ஒட்டி மூடுங்கள். தாராவியில் தோல் கடைகளில் கழிவுத் துண்டு கைநிறையக் கொடுப்பார்கள்.

இனி கறைக்கு வருவோம். எங்கள் பெட்டியில் மூன்று வகைப் பெயின்ட் இருந்தது, இரண்டு வீட்டுக் காலத்தில் சேர்ந்தது. முன்பு குடியிருந்த லேபர் கேம்ப் அறைக்கு அடித்த சுண்ணாம்பு. அந்த அறையின் கதவுக்கு அடித்த பச்சை ஆயில் பெயின்ட். இப்போதைய வீட்டின் க்ரீம் பிளாஸ்டிக் பெயின்ட். ஒரு மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது, அதனால் முதலில் எது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒரு கறைமேல் அஞ்சு நிமிஷம் வைத்துத் தேயுங்கள். வெள்ளையாகக் கரைந்து வந்தால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர். வரவில்லை என்றால் மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. ஒன்றிரண்டு நிமிஷத்தில் கறை ரப்பர் போலக் குழைந்தால் அது பிளாஸ்டிக் பெயின்ட். இரண்டுக்கும் அசையாமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தால் ஆயில் பெயின்ட். எந்த மருந்தையும் முதலில் பெட்டியின் அடிப்பக்கம், கீல் ஓரம் தடவிப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள்.

சுண்ணாம்பு சுலபம். ஈரத்துணியைக் கறைமேல் இருபது நிமிஷம் போட்டு வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். ரெக்சினின் வரிகளுக்குள் வெள்ளையாகத் தங்கினால், தண்ணீர் கலந்த வினிகர். பெட்டியை நனைக்காதீர்கள், துணி ஈரமாக இருந்தால் போதும். ஓரத்து வழியாகத் தண்ணீர் பிளைவுட்டுக்குள் போனால், செய்த மர வேலை எல்லாம் வீண்.

பிளாஸ்டிக் பெயின்டுக்கு ஒரு காலாவதியான ஏடிஎம் கார்டு வேண்டும். ஸ்பிரிட் பஞ்சை வைத்து, குழைந்ததும் கார்டின் ஓரத்தால் ஒரே திசையில் தள்ளுங்கள். பால் மேலே ஏடு சுருள்வது போலச் சுருண்டு வரும். முதல் சுருள் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பேத்தி கார்டைப் பிடுங்கிக்கொண்டு மீதியை அவளே செய்தாள். இரும்பு பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் முனை எதுவும் வேண்டாம்.

ஆயில் பெயின்ட்தான் வில்லங்கம். ஈரமாக இருக்கும்போது டர்பன்டைனில் போயிருக்கும். இருபத்தைந்து வருஷம் காய்ந்ததற்கு டர்பன்டைன் தண்ணீர் மாதிரிதான். தின்னர் போட்டால் பெயின்ட் போகும், கூடவே ரெக்சினின் மேல்தோலும் பிசினாக வரும். ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பிவிசி, தின்னர் அதைத்தான் முதலில் தின்னும். அதனால் கார்டின் மூலையால் ஓரத்தில் நெம்பி, தானாகப் பெயர்ந்து வருவதை மட்டும் எடுங்கள். கட்டியாக நிற்பதை 400 நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேடு போகும் அளவு மட்டும் தேயுங்கள். காய்ந்த நிலையில் ஒருக்காலும் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆயில் பெயின்டில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது. தூசி பறந்தால் மூக்குக்குள் போகும். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள், பேத்தியை இந்த வேலைக்கு மட்டும் நான் சேர்க்கவில்லை.

மேடு போன பிறகும் பச்சை நிறம் வரிகளுக்குள் தெரியும். விட்டுவிடுங்கள். கடைசிக் கொஞ்சத்தைத் துரத்தித்தான் பலர் ரெக்சினைக் கிழிக்கிறார்கள். நிறம் பூசும்போது பெரும்பகுதி அடங்கிவிடும்.

கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போட வேண்டும். இதில் மட்டும் நான் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுத் துண்டைக் கிழிசல் அளவுக்கு வெட்டாதீர்கள். மூலை என்றால் மூலை முழுக்க, ஓரம் என்றால் ஓரம் முழுக்க ஒரே துண்டாகப் போட்டால் அது ஒட்டுப் போலத் தெரியாது, அணைப்பு கொடுத்தது போலத் தெரியும். பழைய ரெக்சினின் கிளம்பிய ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டின் ஓரத்தை அடிப்பக்கம் பிளேடால் சாய்வாகச் சீவுங்கள், கத்தி முனை போல மெலிந்து முடியட்டும். இரண்டு பக்கமும் ரப்பர் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, காத்திருங்கள். இந்தக் காத்திருப்பில்தான் வேலையே இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து விரலின் பின்பக்க முட்டியால் தொட்டுப் பாருங்கள். நூல் இழுத்தால் இன்னும் ஆகவில்லை. தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருந்தும் கையோடு எதுவும் வரவில்லை என்றால் அதுதான் பதம். ஈரத்தில் ஒட்டினால் உள்ளே ஆவி மாட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் கொப்புளம் போடும். பதத்தில் ஒட்டினால் முதல் தொடுதலிலேயே பிடித்துவிடும், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மூலையில் சுருக்கம் வரும். ஹேர் டிரையரைத் தூரமாகப் பிடித்துச் சூடு காட்டினால் ரெக்சின் இளகும், அப்போது இழுத்துப் படியவைத்து, அடிப்பக்கம் மிஞ்சுவதை 'வி' வடிவில் வெட்டி மடியுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். கடைசியில் பூரிக்கட்டையால் ஒரு உருட்டு. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும், சொல்யூஷன் ஆவி தீப்பிடிக்கும்.

நிறத்துக்கு ஷூ பாலிஷ் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மச்சான் ஒருமுறை பாலிஷ் போட்டுப் பெட்டியைப் பளபளவென்று மேடைக்குக் கொண்டுபோனார். அந்தக் காலத்து வெள்ளை பெல்பாட்டம். பாட்டு முடிந்து எழுந்தபோது தொடை முழுக்கக் கறுப்பு. ரெக்சினில் பாலிஷ் ஊறாது, மேலேயே நின்று பட்ட இடத்தில் எல்லாம் ஒட்டும். தோல், ரெக்சினுக்கென்று விற்கும் அக்ரிலிக் கறுப்பு நிறத்தை வாங்கி, முதலில் ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். பிரஷ் வேண்டாம், கோடு விழும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாகக் காய விடுங்கள். பச்சைக் கறை இருந்த இடத்தில் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு சாயல் தெரிகிறது.

கடைசியாக உள்ளே. வெல்வெட்டை மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வாங்கினேன். கடைக்காரர் முன்னாலேயே, உப்புத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன். மூன்று நிறம் கைக்குட்டையில் வந்தது, நீலம் வரவில்லை. பேத்திக்கு நீலம் பிடிக்காது. சாயம் போகாத நீலம்தான் என்று சொல்லிவிட்டேன்.

வெல்வெட்டை நேரே மரத்தில் ஒட்டாதீர்கள். பசை ஊறி மேலே வந்து திட்டுத் திட்டாக விறைக்கும். செய்தித்தாளில் வரைந்ததை வைத்துக் கெட்டி அட்டையில் துண்டுகள் வெட்டி, ஒவ்வொரு அட்டைக்கும் வெல்வெட்டைப் போர்த்தி, ஓரத்தை ஒரு அங்குலம் பின்பக்கம் மடித்து அங்கே மட்டும் ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். காய்ந்ததும் அந்த அட்டைகளைப் பெட்டிக்குள் ஒட்டினால் முடிந்தது. அட்டையைத் துணியின் கனத்துக்காக நாலு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும், நான் குறைக்காமல் ஒரு செட் முழுக்க வீணாக்கினேன். இன்னொன்று, வெல்வெட்டுக்குப் பூனை மாதிரி ஒரு தடவல் திசை உண்டு. எல்லாத் துண்டுகளிலும் அந்தத் திசை ஒன்றாக இருக்கட்டும். மாறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். இதற்குத்தான் அந்த அம்புக்குறி.

ஸ்பாஞ்சுக்குப் பதிலாக ஈவிஏ ஷீட் போட்டேன், செருப்புக்கு வெட்டும் அதே ஷீட்தான், அது அப்படி மாவாக உதிராது. வயலினின் முதுகு வளைந்தது. அது பெட்டியின் தரையில் உட்காரக்கூடாது. உடலின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் அடியில் மட்டும் மெத்தை வைத்து, நடுவை அந்தரத்தில் விடுங்கள். கழுத்துக்கு ஒரு தொட்டில், அதன்மேல் கட்ட ஒரு துணி நாடா. பெட்டி தொப்பென்று விழுந்தாலும் அடி முதுகின் நடுவில் நேரே ஏறாது. பழைய பெட்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடே கிடையாது.

மெத்தை வைத்ததும் வயலின் உயரும், உயர்ந்தால் மூடி குதிரையைத் தொடலாம். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, மூடிதான் மூடியிருக்குமே. நெல்லிக்காய் அளவு சப்பாத்தி மாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குதிரையின் மேல் வைத்து, மூடியைக் கையால் மெதுவாக இறக்கினேன். கொண்டி போடவில்லை. திறந்து பார்த்தபோது மாவு அப்பளமாகியிருந்தது, இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. மெத்தையை ஒரு அடுக்கு குறைத்தேன், மூடியின் உள் அட்டைக்குப் பின்னால் இருந்த ஷீட்டையும் எடுத்தேன். மூன்றாவது தடவை மாவு சுண்டுவிரல் கனத்துக்கு நின்றது. அது போதும்.

பிறகு எடைச் சோதனை. வயலின் வைக்காமல், பெட்டிக்குள் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக் கொண்டி போட்டு, கைப்பிடியை ஜன்னல் கம்பியில் கயிற்றால் மாட்டி ஒரு நாள் தொங்க விட்டேன். நடுநடுவே போய் ஒரு குலுக்கு. வயலினும் வில்லும் அரிசியில் கால்வாசிகூட எடை வராது, ஆனால் தாதரில் ரயில் ஏறும்போது பெட்டியை இழுக்கும் கைகள் பல.

எல்லாம் முடிந்தாலும் வயலினை உடனே உள்ளே வைக்காதீர்கள். சொல்யூஷன் ஆவியும் நிறத்தின் வாடையும் மூடிய பெட்டிக்குள் வார்னிஷைத் தொட்டுக்கொண்டே கிடக்கும். மூடியை விரியத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். பேத்தி தினமும் போன் போட்டு "இன்னிக்கு?" என்று கேட்டாள். பதினாறாம் நாள் அவளையே வரச்சொல்லி, பெட்டியை ஒரு ராத்திரி மூடி வைத்து, காலையில் திறந்ததும் மூக்கை உள்ளே விடச் சொன்னேன்.

"ஒன்னும் அடிக்கல தாத்தா. அரிசி வாசனதான்."

ஈரம் உறிஞ்சும் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சாமான் அறைக்குள் போட்டு, வயலினைத் தொட்டிலில் கிடத்தி, நாடாவைக் கட்டினாள்.